காலுக்குத் தக்க செருப்பு

"காலுக்குத் தக்க செருப்பும் கூலிக்குத் தக்க உழைப்பும்" என்பது எம் முன்னோர் வழங்கிவந்த பழமொழி. அதன் முற்பாதியை ஒரு மலையில் ஏறும்போதும், பிற்பாதியை அதே மலையினின்று இறங்கும்போதும் நாம் கற்றுக்கொண்டோம். கற்பித்த ஆசிரியர் ஒரு சோடிச் சப்பாத்து. நாம் கொடுத்த தட்சணை எமது வலது குதிக்காலின் தோல்.

சப்பாத்து என்னும் சொல்லே எமக்கு இரவல். போர்த்துக்கேயர் இந்நாட்டை விட்டுப் போனபோது கோட்டைகளோடு இச்சொல்லையும் விட்டுப் போயினர். எம்மவர் காலுக்கு நெடுங்காலம் செருப்பும் மிதியடியுமே போதுமாயிருந்தன. கோயில் வாயிலிலும் வீட்டுத் திண்ணையிலும் நொடியிற் கழற்றிவிடக் கூடியதே எமக்கு வசதியான பாதணி. ஆதலால் சப்பாத்து வாங்கும்போதும், கல்யாணத்துக்கோ கந்தோருக்கோ வாங்குவதுபோல, நிறமும் பளபளப்பும் பார்த்து வாங்கிவிடுகிறோம். மலையிலும் காட்டிலும் நாள் முழுதும் நடக்க வேண்டியவர் அவ்வாறு வாங்கினால் என்ன நேரும் என்பதை வாசகர்கள் எம் அனுபவத்திலிருந்து அறிந்துகொள்வார்களாக.

கடையில் மயங்கிய கண்

ஹோட்டன் சமவெளியையும் அதன் ஓரத்திலுள்ள உலக முடிவையும் காணவேண்டும் என்ற ஆவல் எமக்கு நெடுநாளாக இருந்தது. 2019ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் அதற்கு வாய்ப்புக் கிட்டியது. ஜனவரி முதல் மார்ச் வரை அங்கு மழை குறைவு. காலை வேளையில் வானம் தெளிந்திருக்கும். உடன் வருவதற்கு இசைந்த நண்பர் நில அளவையாளராக முப்பது ஆண்டுகள் காடும் மேடும் அளந்து ஓய்வு பெற்றவர்.

பயணத்துக்கு முதல்நாட் காலை கொழும்பிலே ஒரு கடைக்குச் சென்றோம். கண்ணாடிப் பெட்டிக்குள்ளே கபில நிறத்தில் ஒரு சோடி மின்னியது. கணுக்காலுக்கு மேல் எழுந்த கழுத்து, செந்நிற நாடா, பித்தளை வளையங்கள். மெல்லிய காலுறையோடு கதிரையில் அமர்ந்தபடியே அதனை அணிந்து பார்த்தோம். விரல் நுனி சற்றே நெருக்கியது. "அணிய அணிய இளகிவிடும்" என்றார் விற்பனையாளர். தண்ணீர் புகாது என்றும், ஆயுள் முழுதும் உழைக்கும் என்றும் சொன்னார். 14,000 ரூபாவை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தோம். அன்றிரவு கோட்டைப் புகையிரத நிலையத்தில் நண்பர் எம் கால்களைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. அவருடைய சப்பாத்தோ நிறம் மங்கி, இரு முறை அடி மாற்றித் தைக்கப்பட்டு, உழவு மாடுபோல் அடக்கமாக இருந்தது.

இரவு அஞ்சல் வண்டி நானுஓயாவைக் கடந்து மேலேறியது. பின்னர் வந்த பட்டிப்பொல 1,891 மீற்றர் உயரத்தில் உள்ளது. நாட்டின் மிக உயர்ந்த புகையிரத நிலையம் அதுவே. அதற்கப்பால் ஒரு சுரங்கத்தினுள் நுழைந்து வெளிவந்து, விடியுமுன் ஒகியாவில் எம்மை இறக்கிவிட்டு வண்டி பதுளை நோக்கிச் சென்றது. பற்கள் கிட்டும் குளிர். நிலையத்தருகே ஒரு தேநீர்க் கடையில் விளக்கெரிந்தது. அங்கே கம்பளித் துண்டைத் தலையிற் சுற்றிய முதியவர் ஒருவர் தேநீர் அருந்திக்கொண்டிருந்தார். தோட்டத்தில் வேலை செய்து ஓய்ந்தவர். அவர் கால்களில் ஒன்றுமில்லை.

"ஐயா, சப்பாத்து புதுசுங்களா?" என்று கேட்டார்.

"ஆம் பெரியவரே, நேற்றுத்தான் வாங்கியது" என்றோம் சற்றே பெருமையுடன்.

"பளபளன்னு நல்லாத்தான் இருக்குங்க. ஆனா மலைக்குப் போறப்ப பழசுதாங்க நல்லது. புதுசு ஆள் பாக்காமக் கடிச்சுப்புடும்."

நாம் சிரித்தோம். நண்பர் சிரிக்கவில்லை.

வேட்டைக்காரர் நடந்த வெளி

ஒகியாவிலிருந்து சமவெளிக்கு ஏறத்தாழ 11 கிலோமீற்றர் ஏற்றம். தேயிலைக் கொழுந்துகளின் மேல் பனி வெள்ளி பூசியிருந்தது. யூக்கலிப்டஸ் மரங்களைக் கடந்தபின், பாசி போர்த்த குறுமரங்கள் அடர்ந்த மலைக்காடு தொடங்கியது. நாலாவது கிலோமீற்றரில் வலது குதிக்கால் சூடேறியது, ஏழாவதில் எரிந்தது. வெட்கத்தினால் நண்பரிடம் சொல்லவில்லை. அது நாம் செய்த இரண்டாவது பிழை.

கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேல் விரிந்து கிடக்கும் அப்புல்வெளியைக் கண்டபோது நோவையும் சிறிது மறந்தோம். மரைகள் அச்சமின்றி மேய்ந்தன. மகாவலி, களனி, வளவை ஆகிய பேராறுகளுக்கு நீரூட்டும் ஓடைகள் புல்லிடையே சலசலத்தன. 'மஹ எலிய' என்று சிங்கள மக்கள் வழங்கிய இவ்விடத்தை 1834இல் ஆங்கிலப் படையினர் இருவர் கண்டு சொல்லினர். அக்காலத் தேசாதிபதி றொபேட் வில்மட் ஹோட்டன் பெயரை அதற்குச் சூட்டினர். நுவரெலியாவில் 1848 முதல் சில ஆண்டுகள் குடியிருந்த சாமுவேல் பேக்கர், வேட்டை நாய்களோடும் கத்தியோடும் இங்கே மரைகளைத் துரத்தினார்; அவ்வேட்டைகளை எழுதி நூலாக வெளியிட்டார். தோட்டத் துரைமார் வேட்டையாடித் தங்கிய 'ஃபார் இன்' என்னும் விடுதி பிற்காலத்தில் பார்வையாளர் நிலையமாயிற்று. சமவெளி 1969இல் இயற்கை ஒதுக்கிடமாகவும் 1988இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனமாயிற்று; 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம் பெற்றது. துப்பாக்கி ஓய்ந்த அவ்வெளியில் இன்று சப்பாத்துகளின் ஒலியே கேட்கிறது.

வாயிலிலிருந்து உலக முடிவுக்கு நாலு கிலோமீற்றரளவு தூரமே. நல்ல காலுடையவர் ஒன்றேகால் மணி நேரத்தில் சென்றுவிடுவர். நாம் கல்லுக்குக் கல் நின்று, குதிக்காலைத் தூக்கித் தூக்கி நடந்து, பத்தரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே 870 மீற்றர் அளவு செங்குத்தாக இறங்கும் பள்ளத்தாக்கு இருந்திருக்க வேண்டும். எம் முன்னே இருந்ததோ ஒரு வெள்ளைச் சுவர். பத்து மணியளவில் கீழிருந்து எழும் மூடுபனி யாவற்றையும் மறைத்துவிடும் என்பதை நூல்களிற் படித்திருந்தோம். ஆண்டுக்கணக்காய்க் காத்திருந்த காட்சியை ஒரு சப்பாத்து எமக்கு மறைத்துவிட்டது.

கால் கேட்கும் கேள்விகள்

திரும்பும் வழியில் பேக்கர் நீர்வீழ்ச்சியருகே அமர்ந்து சப்பாத்தைக் கழற்றினோம். காலுறை தோலோடு ஒட்டியிருந்தது. நண்பர் தம் பையிலிருந்து ஒட்டுப்பட்டியை எடுத்துக் கொப்புளத்தைச் சுற்றி ஒட்டினார். "சூடு தோன்றிய உடனே நின்று ஒட்டியிருந்தால் கொப்புளமே வந்திராது. சப்பாத்தைக் கண்ணால் வாங்கினீர், இப்போது காலால் விலை கொடுக்கிறீர்" என்றார். பின்னர் அவர் கூறியவற்றை எம் வாசகர்களுக்காக இங்கே தொகுத்துத் தருகிறோம்.

மலைச் சப்பாத்தை மாலை வேளையிலேயே வாங்க வேண்டும். நாள் முழுதும் நடந்தபின் கால் சிறிது வீங்கியிருக்கும். மலையிலும் அவ்வாறே வீங்கும். நடக்கும்போது அணியப்போகும் தடித்த காலுறையைக் கடைக்கே கொண்டுபோக வேண்டும். இரு கால்களும் ஒரே அளவினவாக இருப்பதில்லை. பெரிய காலுக்கே அளவு பார்க்க வேண்டும். நாடா கட்டுமுன் விரல்கள் முனையைத் தொடும்படி காலை முன்னே தள்ளினால், குதிக்காலின் பின்னே ஒரு விரல் நுழைய வேண்டும். நாடா கட்டியபின் குதிக்கால் மேலெழக் கூடாது. கடையில் படிக்கட்டு இருக்குமாயின் பலமுறை இறங்கிப் பார்க்க வேண்டும். இறங்கும்போது விரல் முட்டினால் அதனை அங்கேயே விட்டுவிட்டு வரலாம். அணிய அணிய இளகும் என்பது அகலத்துக்கு ஓரளவு பொருந்தும்; நீளத்துக்கு ஒருபோதும் பொருந்தாது.

அடுத்தது பாரம். முதுகிற் சுமக்கும் பாரத்தினும் காலிற் சுமக்கும் பாரம் பன்மடங்கு களைப்பைத் தரும். ஒவ்வோர் அடியிலும் அதனைத் தூக்க வேண்டியிருக்கிறதல்லவா? சிவனொளிபாத மலையின் ஆயிரக்கணக்கான படிகளை ஏறுவோருக்கும், செப்பனிட்ட பாதையில் நடப்போருக்கும் இலேசான தாழ்ந்த சப்பாத்தே போதும். மூட்டை சுமந்து கல்லிலும் சேற்றிலும் நடப்போருக்குக் கணுக்காலைப் பற்றும் உயர்ந்த கழுத்து உதவும். வேட்டைக்காரனுக்கு வேண்டியது இவ்விரண்டினும் வேறு. சருகின்மேல் ஓசையின்றி மிதிக்கும் மென்மையான அடி அது. எம் நாட்டு வேடர்கள் வெறுங்காலுடன் வேட்டையாடியதில் வறுமை மட்டுமன்று, நுட்பமும் இருந்தது.

அடிப்புறம் வழுக்காதிருத்தல் உயிருக்கே காப்பு. முற்காலத்தில் மலையேறுவோரும் வேட்டையாடுவோரும் தோல் அடியில் இரும்பாணி அறைந்து அணிந்தனர். அவ்வாணிகள் பாறையில் வழுக்கும். குளிரையும் காலுக்குள் கடத்தும். 1935இல் அல்ப்ஸ் மலையில் ஆறு தோழர்கள் உயிரிழக்கக் கண்ட இத்தாலியர் வித்தாலே பிராமானி, மேடுபள்ளம் நிறைந்த றப்பர் அடியை உருவாக்கி 1937இல் வெளிக்கொணர்ந்தார். 1954இல் உலகின் இரண்டாவது உயர்ந்த சிகரமான கே-2இன் உச்சியை முதன்முதலாக அடைந்த இத்தாலியக் குழுவினர் அவ்வகை அடியையே அணிந்திருந்தனர். இன்று மலைச் சப்பாத்துகளிற் பெரும்பாலானவை அதன் வழித்தோன்றல்களே.

தண்ணீர் புகாத சப்பாத்து என்ற விளம்பரத்தைக் கேட்டு மயங்கவேண்டாம். 1969இல் அமெரிக்காவிற் கண்டுபிடிக்கப்பட்ட 'கோர்-டெக்ஸ்' போன்ற மென்படலங்கள் வெளிநீரைத் தடுப்பது உண்மையே. ஆனால் ஓடையில் இறங்கி மேல்வழியாகத் தண்ணீர் புகுந்துவிட்டால் அதுவே தொட்டியாகிவிடும், காய்வதும் தாமதம். சிங்கராஜ வனம் போன்ற மழைக்காடுகளில் தண்ணீர் புகுந்தாலும் விரைவில் வடிந்து காயும் சப்பாத்தே நன்று. அங்கே அட்டைக் கடிக்கு அஞ்சுவோர், முழங்கால் வரை எட்டும் நெருக்கமாய் நெய்த துணியுறையைக் காலுறையின் மேல் அணிந்து, காற்சட்டையை அதனுள்ளே சொருகிக்கொள்ள வேண்டும். எம்மவர் கைக்கொள்ளும் சவர்க்காரமும் உப்பும் தேசிக்காயும் உதவுவனவே; மழையிலோ அவை கழுவுண்டு போகும்.

உழைப்பைப் பொறுத்தவரை, அடி தைக்கப்பட்டதா ஒட்டப்பட்டதா என்று பார்க்க வேண்டும். தைத்த அடி தேய்ந்தால் மாற்றித் தைக்கலாம். ஒட்டிய அடிகளுட் சிலவற்றின் இடையே பஞ்சுபோன்ற பொலியூரிதேன் அடுக்கு இருக்கும். அது காற்றிலுள்ள ஈரத்தினால் உள்ளூரச் சிதைவது. எம் நாட்டு ஈரக் காற்றில், அணியாமல் அலுமாரியில் ஆண்டுக்கணக்காய்ப் பூட்டி வைத்த சப்பாத்தும் ஒருநாள் எடுத்து அணிந்தவுடன் உதிர்ந்துபோகக் கூடும். ஆகவே கடையில் நெடுநாள் கிடந்து விலை குறைந்ததை வாங்குவது இலாபமன்று.

வாங்கிய சப்பாத்தை இரு வாரமேனும் வீட்டிலும் வீதியிலும் அணிந்து பழக்கிய பின்னரே மலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பருத்திக் காலுறை வியர்வையைப் பிடித்து வைத்துத் தோலை ஊறச் செய்யும். கம்பளியோ செயற்கை நூலோ நன்று. கால் நகங்களை வெட்டிக்கொள்ள வேண்டும். இறக்கத்தில் நாடாவைக் கணுக்காலருகே இறுக்கிக் கட்டினால் விரல் முன்னே வழுகாது. நனைந்த தோற் சப்பாத்தை நெருப்பருகே வைத்தால் வெடிக்கும். பழைய செய்தித்தாளை உள்ளே திணித்து நிழலில் உலர்த்த வேண்டும். வாசித்து முடித்த இம்மலரும் அதற்கு உதவுமாயின் எமக்கு மகிழ்ச்சியே.

பெரியவரின் வைத்தியம்

ஒகியாவுக்கு இறங்கும் வழியில், ஆயுள் முழுதும் உழைக்கும் என்ற சப்பாத்தின் அடி முன்புறத்தில் வாய் பிளந்தது. ஒட்டியிருந்த பசை விட்டுவிட்டது. அதனை இழுத்து இழுத்து நடந்து தேயிலை மலையை அடைந்தபோது மாலை மங்கிவிட்டது. காலையிற் கண்ட பெரியவர் விறகுக் கட்டுடன் எதிரே வந்தார். எம்மைப் பார்த்து நகைக்கவில்லை. "வாங்கய்யா, வீடு கிட்டத்தான்" என்று தம் லயத்துக்கு அழைத்துச் சென்றார்.

வெந்நீரில் உப்பிட்டுக் காலை வைக்கச் சொன்னார். சுத்தமான சீலைத் துண்டைக் கிழித்துக் கட்டினார். சாக்குக் கட்டும் கயிற்றினால் சப்பாத்தின் வாயைச் சுற்றிக் கட்டினார். அப்போது அவருடைய பாதங்களை அருகில் நோக்கினோம். வெடித்து, காய்த்து, மரப்பட்டைபோல் இறுகியிருந்தன. சிறிது நேரத்தில் அவர் மகள் மலையிலிருந்து வந்தார். முதுகிலே கொழுந்துக் கூடை, இடுப்பிலே நனைந்த படங்குச் சாக்கு, காலிலே தேய்ந்த றப்பர்ச் செருப்பு. அதனை வாசலிற் கழற்றிவிட்டு, எமக்குத் தேநீர் ஊற்றித் தந்தார்.

"சப்பாத்து என்ன வெலைங்கய்யா?" என்று கேட்டார் பெரியவர்.

நாம் தயங்கினோம். பின்னர், "ஏழாயிரம்" என்று பொய் சொன்னோம்.

"அம்மாடி! பத்துப் பேரு காசுங்க!" என்றார் அவர்.

ஒருநாள் வேலையைத் தோட்டத்தில் 'ஒரு பேர்' என்பர். அதற்கு முந்திய மாதத்திலேதான் அடிப்படை நாட்சம்பளம் 500 ரூபாவிலிருந்து 700 ரூபாவாக உயர்ந்திருந்தது. ஆயிரம் ரூபா வேண்டுமெனத் தொழிலாளர் போராடி, அவ்வளவே கிடைத்திருந்தது. நாம் மறைத்த உண்மை விலை, அப்பெண்ணின் இருபது நாள் உழைப்பு. கூலிக்குத் தக்க உழைப்பு என்கிறது பழமொழி. அந்த லயத்து வாசலில் இருந்ததோ உழைப்புக்குத் தகாத கூலி.

இம்மக்களின் முன்னோர் 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நூறு மைலுக்கு மேல் மாத்தளை வரை கால்நடையாக வந்தவர்கள். பசியாலும் பேதியாலும் வழியிலேயே மாண்டவர் பலர். எஞ்சியோர் வெறுங்காலுடன் மலைகளைத் தோட்டங்களாக்கினர், பாதைகளை வெட்டினர். வெறும் பாதத்தின் வழியே மண்ணிலிருந்து கொக்கிப்புழு உடலேறி இரத்தத்தை உறிஞ்சியது. அந்நோய்க்கு எதிராக றொக்ஃபெல்லர் நிதியத்தினர் 1916இல் இந்நாட்டுத் தோட்டங்களில் இயக்கமொன்றைத் தொடங்க வேண்டியிருந்தது. இன்று நாம் நல்ல சப்பாத்தணிந்து உல்லாசமாக ஏறும் மலைப்பாதைகளிற் பல, சப்பாத்தில்லாத கால்கள் போட்டவை.

மீண்டும் ஒருமுறை

அவ்வாண்டின் இறுதியில், ஒரு மாலை வேளையில், தடித்த காலுறையோடு கடைக்குச் சென்று, படிக்கட்டில் ஏறி இறங்கி, மின்னாத ஒரு சோடியை வாங்கினோம். ஒரு மாதம் வீதியில் அணிந்து பழக்கினோம். 2020 ஜனவரியில் மீண்டும் ஒகியாவில் இறங்கி இருளிலேயே நடையைத் தொடங்கினோம். ஒன்பதரை மணிக்கு உலக முடிவின் விளிம்பில் நின்றோம். பனி இன்னும் எழவில்லை. பள்ளத்தின் அடியிலே ஒரு தேயிலைத் தோட்டம் பச்சைக் கம்பளம்போல் கிடந்தது. அதன் லயங்கள் தீப்பெட்டிகளை அடுக்கினாற்போல் தோன்றின. அவ்வளவு உயரத்திலிருந்து மனிதர் தெரியவில்லை. ஆயினும் அங்கே யார் இருப்பர் என்பதை இப்போது நாம் அறிந்திருந்தோம்.

இறங்கி வந்து பெரியவரைத் தேடிச் சென்றோம். அவர் முதலில் எம் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார். புழுதி படிந்து, மடிப்பு விழுந்து, நிறம் குன்றியிருந்த சப்பாத்தைக் கண்டு தலையசைத்தார். "இதாங்க சப்பாத்து. இது ஒங்க காலைப் படிச்சிருச்சு" என்றார்.

இம்முறை அவர் விலை கேட்கவில்லை. நாமாகவே உண்மையைச் சொன்னோம். சென்ற முறை சொன்னது பாதி விலை என்பதையும் சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், "அப்ப இருவது பேருங்க" என்று கணக்கைச் சரியாகச் சொல்லிவிட்டு, மகளைத் தேநீர் கொண்டுவரச் சொன்னார்.

ஆயிரம் ரூபா என்ற நாட்சம்பளம் 2021இல் வந்தது; அதற்குள் அரிசியின் விலையும் மாவின் விலையும் ஏறிவிட்டன. பழமொழியின் முற்பாதியை நிறைவேற்ற ஒரு மாலைப்பொழுதும் சிறிது பொறுமையும் போதும், எவரும் செய்யலாம். பிற்பாதியோ ஒருவர் தனித்துச் செய்யக் கூடியதன்று. மலைநாட்டுக்கு நடைப்பயணம் செல்லும் வாசகர்கள் தம் காலுக்குத் தக்க சப்பாத்தை அணிந்து செல்வார்களாக. வழியில் எதிர்ப்படும் வெறுங்கால்களையும் ஒருகணம் நின்று நோக்குவார்களாக.